குடல் கற்பித்த பாடம்

குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் வீட்டிலுள்ள பெரியவர்கள் முதலில் சொல்வது என்ன? "வயிறு கெட்டிருக்கிறது, அதற்கு ஓய்வு கொடுங்கள். தண்ணீர்கூட வேண்டாம், கொடுத்தால் கொடுத்தபடியே போய்விடும்" என்பார்கள். இது அன்பினால் பிறந்த அறிவுரை. கேட்பதற்கு நியாயமாகவும் தோன்றுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பவர் உண்டோ? ஆயினும் இந்த நியாயம் பிழையானது. நீரின்றி வாடிய எத்தனையோ குழந்தைகளின் உயிரை இந்தப் பிழை கொண்டு போயிருக்கிறது. இதற்காகப் பாட்டிமாரை மட்டும் குறை கூறுதல் தகாது. பெரிய மருத்துவமனைகளில் பணிபுரிந்த பேராசிரியர்களும் நெடுங்காலம் இதே பிழையைச் செய்து வந்தார்கள்.

உண்ட உணவு வயிற்றில் என்ன ஆகிறது, பருகிய நீர் எங்கே போகிறது என்பதை மனிதன் சரியாக அறியாதிருந்ததே அதற்குக் காரணம். அந்த அறியாமை எவ்வாறு சிறிது சிறிதாக விலகியது, விலகியதனால் விளைந்த பயன் என்ன என்பதைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

முன்னோர் செரிமானத்தை ஒரு சமையலாகக் கருதினர். நம் நாட்டு வைத்திய நூல்கள் வயிற்றில் உறையும் ஒரு தீயைப் பற்றிக் கூறுகின்றன. அதற்கு ஜாடராக்கினி என்று பெயர். கிரேக்க நாட்டு அறிஞர்களும், உடலின் வெப்பத்தால் உணவு வயிற்றில் வெந்து பக்குவமாகிறது என்றே எண்ணினர். பசித்தீ என்றும், வயிற்றெரிச்சல் என்றும் நாம் இன்றும் வழங்கும் சொற்கள் அந்த எண்ணத்தின் நிழல்களே. விளக்கம் எவ்வாறாயினும், அவர்களுடைய அனுபவ அறிவு கூர்மையானது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின், அளவோடு உண்ண வேண்டும் என்னும் கருத்தே அதில் திரும்பத் திரும்ப வற்புறுத்தப்படுகிறது. உண்ணும் முறையை அவர்கள் கண்டிருந்தார்கள். உண்டது உள்ளே என்ன ஆகிறது என்பதைக் காண்பதற்குத்தான் வழி இல்லாதிருந்தது. உயிரோடு இருப்பவனின் வயிற்றுக்குள் யார் எட்டிப் பார்க்க முடியும்?

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞரிடையே ஒரு வழக்கு எழுந்தது. இத்தாலியரான பொரெல்லி முதலியோர், இரைப்பை ஓர் ஆட்டுக்கல்லைப் போன்றது என்றனர். அது உணவை அரைத்துக் கூழாக்குகிறது, அவ்வளவே என்பது அவர்கள் வாதம். வான் ஹெல்மாண்ட் என்னும் பெல்ஜிய மருத்துவரும் அவர் வழி வந்தவரும், இல்லை, அங்கு நிகழ்வது புளிப்பைப் போன்றதொரு மாறுதல் என்றனர். அரைவையா, புளிப்பா? இந்த வழக்கு நூறாண்டுக்கு மேல் நடந்தது. சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.

முதற் சாட்சியாக வந்தது ஒரு பருந்து. பருந்து முதலிய ஊனுண்ணும் பறவைகள், செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும் இயல்புடையவை. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இதைப் பயன்படுத்திக் கொண்டார். சிறிய உலோகக் குழாய்களுக்குள் இறைச்சித் துண்டை வைத்து, இரு முனைகளிலும் கம்பி வலை கட்டிப் பருந்தை விழுங்கச் செய்தார். வெளியே வந்த குழாய் நசுங்கவில்லை. எனவே உள்ளிருந்த இறைச்சியை எதுவும் அரைத்திருக்க முடியாது. ஆனால் இறைச்சி கரைந்திருந்தது! பிறகு குழாய்க்குள் கடற்பஞ்சை வைத்து அனுப்பி, அது உறிஞ்சி வந்த நீரையும் பிழிந்தெடுத்தார். 1752ஆம் ஆண்டு வெளியான இந்த ஆராய்ச்சி, இரைப்பையில் உணவைக் கரைக்கும் ஒரு நீர் உண்டு என்பதை ஐயமறக் காட்டியது.

அடுத்து வந்தவர் ஸ்பலன்சானி என்னும் இத்தாலியப் பாதிரியார். பருந்துக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மையாகுமா என்று அவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், உணவை அடைத்த சிறு துணிப் பைகளையும் மரக் குழாய்களையும் தாமே விழுங்கி, அவை வெளிவந்த பின் சோதித்தார். இரைப்பை நீரையும் இறைச்சியையும் ஒரு சிறு குழாயில் அடைத்துத் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்தார். உடலின் சூடு கிடைத்தால் போதும், வயிற்றுக்கு வெளியிலும் இறைச்சி கரையும் என்று கண்டார். 1780இல் அவருடைய நூல் வெளிவந்தது. அடுப்பும் ஆட்டுக்கல்லும் வழக்கில் தோற்றன. செரிமானம் என்பது ஒரு நீரின் வேலை என்பது நிலைபெற்றது.

ஆயினும் வயிற்றை நேரே கண்டவர் இன்னும் ஒருவரும் இல்லை. அந்த வாய்ப்பு ஒரு விபத்தினால் கிட்டியது. அமெரிக்காவின் வடபகுதியில், ஏரிகளுக்கு இடையே மாக்கினாக் என்றொரு தீவு இருக்கிறது. 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அங்குள்ள தோல் வணிகக் கடை ஒன்றில் ஒரு துப்பாக்கி தவறி வெடித்தது. குண்டு பாய்ந்தது அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடிய இளைஞர் மீது. படகு தள்ளிச் சுமை தூக்கும் கூலியாள் அவர். இடது மார்பின் கீழே விலா எலும்புகள் முறிந்தன, இரைப்பையும் துளைபட்டது. காலையில் அவர் உண்டது அந்தக் காயத்தின் வழியே வெளிவந்தது. கோட்டையின் இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், பிழைக்கமாட்டார் என்று எண்ணியே கட்டுக் கட்டினார். ஆனால் இளைஞர் பிழைத்தார். புண் ஆறியது, துளை மட்டும் மூடவில்லை. இரைப்பையின் ஓரம் தோலோடு ஒட்டி, விரலால் தள்ளினால் திறக்கும் ஒரு சாளரம் போல நிலைத்துவிட்டது.

போமாண்ட் அந்த ஏழையைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார், வேலைக்காரராகவும் அமர்த்திக்கொண்டார். 1825ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் நண்பகலில் ஆராய்ச்சி தொடங்கியது. இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு முதலியவற்றின் சிறு துண்டுகளைப் பட்டு நூலில் கோத்து அந்தத் துளையின் வழியே இரைப்பைக்குள் இறக்கினார். ஒவ்வொரு மணி நேரமும் நூலை இழுத்து, எது எவ்வளவு கரைந்தது என்று பார்த்துக் குறித்தார். பட்டினியாய் இருக்கையில் இரைப்பையில் நீர் தேங்கியிருப்பதில்லை. உணவு வந்த பிறகே ஊறுகிறது என்று கண்டார். சினம் கொண்டபோது செரிமானம் தடுமாறுவதையும், மது மிகுந்தபோது இரைப்பையின் உட்புறம் சிவந்து புண்ணாவதையும் கண்ணாலேயே கண்டார். ஆண்டுகள் பலவாக விட்டு விட்டு நடந்த இவ்வாராய்ச்சி 1833இல் நூலாக வெளிவந்து, இரைப்பையைப் பற்றிய அறிவுக்கு அடிப்படை ஆயிற்று.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது போமாண்டின் புகழோடு நிறுத்திவிடுவது வழக்கம். அது முறையன்று. சாளரத்தின் உரிமையாளரையும் நாம் நினைக்க வேண்டும். நூல் இழுக்கப்பட்டபோதெல்லாம் வலியும் குமட்டலும் அடைந்தவர் அவரே. 1832இல் அவர் ஓர் ஒப்பந்தத்தில் கீறல் இட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. ஆண்டுக்கு 150 டாலர் சம்பளம். அதற்கு ஈடாக, மருத்துவர் சொல்லும் சோதனைகளுக்கெல்லாம் அவர் உடல் கட்டுப்பட்டது. இடையிடையே அவர் சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பிப் போனதில் வியப்பு என்ன? வயிற்றில் துளையுடனேயே மணம் செய்து, மக்களைப் பெற்று, மருத்துவர் மறைந்த பின்னும் 27 ஆண்டுகள் வாழ்ந்து 1880இல் அவர் இறந்தார். இறந்த பின்பும் மருத்துவர்கள் அவருடைய உடலை நாடினர். குடும்பத்தாரோ உடலை அழுகும் வரை வைத்திருந்து, பிறகு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தனர். இனி ஒருவரும் அவர் வயிற்றைத் திறக்கக் கூடாது என்பது அவர்களுடைய உறுதி. நம் பாடநூல்களில் உள்ள செய்திகளுக்கு இப்படியும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

போமாண்டுக்குச் சற்று முன்னும் பின்னும் வேறு பல உண்மைகள் வெளியாயின. இரைப்பை நீரில் உள்ள புளிப்பு ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று இங்கிலாந்தின் பிரௌட் 1824இல் கூறினார். இறைச்சியைச் சிதைக்கும் பொருளுக்கு ஜெர்மானியரான ஷ்வான் 1836இல் பெப்சின் என்று பெயரிட்டார். பிரெஞ்சு மேதை கிளாட் பெர்னார், கொழுப்பைச் செரிக்கச் செய்வதில் கணைய நீருக்குள்ள பங்கை 1840களில் விளக்கினார். நாய்களின் செரிமான நீர்களை ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் பாவ்லவ், 1904இல் நோபல் பரிசு பெற்றார். இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், குடல் தன் செய்தியை இரத்தத்தின் வழியே கணையத்துக்கு அனுப்புகிறது என்று 1902இல் கண்டனர். அவ்வாறு செய்தி கொண்டு செல்லும் பொருள்களுக்கே இன்று ஹார்மோன் என்று பெயர்.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஒரு கவளம் சோறு செல்லும் வழி நமக்கு விளங்கும். சோற்றை நெடுநேரம் மென்றால் சிறிது இனிக்கிறது அல்லவா? உமிழ்நீர் அதன் மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இரைப்பையில் அமிலமும் பெப்சினும் பருப்பிலும் முட்டையிலும் இறைச்சியிலும் உள்ள புரதத்தைச் சிதைக்கின்றன. பிறகு கூழாகிய உணவு சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் விடப்படுகிறது. அங்கே கல்லீரலின் பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாக்குகிறது. கணைய நீர் மாவு, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கிறது. முடிவில் எஞ்சுவன, இரத்தத்தில் கலக்கத்தக்க மிகச் சிறிய துணுக்குகளே.

இரைப்பையைப் பற்றியே இரண்டாயிரம் ஆண்டுகள் பேசிய மனிதன், உணவை உடலுக்குள் சேர்க்கும் பெரும்பணி சிறுகுடலுடையது என்பதைப் பிந்தித்தான் உணர்ந்தான். இரைப்பை பசித்தால் உறுமும், நிறைந்தால் கனக்கும். சிறுகுடலோ அடக்கமாக வேலை செய்வது. அதன் உட்புறம் மடிப்பு மடிப்பாக அமைந்து, மடிப்புகளின் மேல் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல எண்ணற்ற குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. குழாயின் உட்புறம் முழுவதையும் விரித்தால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் பரப்பு இருக்கும் என்று அண்மைக் கால அளவீடு காட்டுகிறது. பாட்மிண்டன் ஆடுகளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பரப்பு அது.

இந்தப் பரப்பின் மேல் நாள்தோறும் பாயும் நீரின் கணக்கைக் கேட்டால் வியப்படைவீர்கள். நாம் உண்பதிலும் பருகுவதிலும் சேரும் நீர் ஏறத்தாழ 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடலே ஊற்றுவது சுமார் 7 லிட்டர். ஆக 9 லிட்டர் நீர் ஒவ்வொரு நாளும் குடலுக்குள் வருகிறது. அதில் மலத்தோடு வெளியேறுவது ஓர் ஆழாக்கு அளவுகூட இல்லை. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும், மிச்சத்தைப் பெருங்குடலும் உடலுக்கே திருப்பித் தந்துவிடுகின்றன. நாம் வாழ்கிறோம் என்றால், இந்த வரவுசெலவு நாள் தவறாமல் சரியாக நடக்கிறது என்று பொருள். அது ஒரே நாள் தவறினால் என்ன ஆகும்? அதற்கு விடைதான் காலரா.

காலரா கண்டவரின் குடலிலிருந்து அரிசி கழுவிய நீர் போன்ற கழிச்சல் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேலும் வெளியேறக் கூடும். கண் குழியும், தோல் சுருங்கும், நாடி ஓயும், காலையில் நலமாய் இருந்தவர் மாலையில் இல்லை. 1831இல் இங்கிலாந்தை அந்நோய் தாக்கியபோது, ஓஷாக்னஸி என்னும் 22 வயது மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் பெரிதும் குறைந்துபோயிருப்பதைக் கண்டார். இவரே பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகி, நம் நாட்டில் தந்திக் கம்பிகளையும் அமைத்தவர். அவருடைய கருத்தைப் பின்பற்றி, 1832இல் ஸ்காட்லாந்தின் லாட்டா என்னும் மருத்துவர் உப்பு நீரை நோயாளிகளின் இரத்தக் குழாயில் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். ஆனால் அம்முறை விரைவில் மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியனார்டு ரோஜர்ஸ் அதற்குப் புத்துயிர் அளித்து, சாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்.

ஊசியின் வழியே ஏற்றுவதற்குத் தூய நீர் வேண்டும், சீசா வேண்டும், குழாய் வேண்டும், தேர்ந்த கை வேண்டும். காலராவோ இவை ஒன்றும் இல்லாத குடிசைகளையே நாடிச் செல்வது. அப்படியானால் நீரை வாய் வழியே கொடுத்தால் என்ன? இங்கேதான் பழைய பிழை குறுக்கே நின்றது. காலராவினால் குடலின் உட்தோல் உரிந்து போய்விடுகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் முடிவு செய்திருந்தனர். இறந்தவர்களின் குடலைப் பார்த்துச் செய்த முடிவு அது. இறந்த சில மணி நேரத்தில் குடலின் உட்தோல் தானே உரியத்தக்கது என்பதை அவர்கள் கருதவில்லை. உரிந்த குடல் நீரை உறிஞ்சாது. எனவே வாய் வழியே எதுவும் கொடுத்துப் பயனில்லை. குடலுக்கு ஓய்வே மருந்து. நம் வீட்டுப் பாட்டி சொன்னதும் இதுவேயல்லவா?

இந்தப் பிழையின் வேரை அசைத்தவர்களுள் ஒருவர் வங்காளத்தின் சம்புநாத் தே. ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூரில் 1915இல் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் கற்று, இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவிலேயே உறுதிப்படுத்தியிருந்தார். அது ஒரு நஞ்சை உண்டாக்கக்கூடும் என்றும் அவர் ஊகித்தார். அந்த நஞ்சை எழுபது ஆண்டுகள் தேடியும் எவரும் கண்டாரில்லை. நஞ்சு இரத்தத்தில் பரவியே கொல்லும் என்று எண்ணி, அவர்கள் அதைத் தவறான இடத்தில் தேடினார்கள். தே வேறு விதமாகச் சிந்தித்தார். நோய் குடலில் தோன்றுகிறது. எனவே குடலிலேயே தேடுவோம் என்றார்.

முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அந்தப் பகுதி நீரால் நிறைந்து வீங்கியிருந்தது. 1953இல் இது வெளியாயிற்று. பிறகு, கிருமிகள் வளர்ந்த குழம்பை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாத தெளிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நீரைக் கொட்டியது! 1959இல் அவர் வெளியிட்ட கட்டுரை, காலராவைச் செய்வது ஒரு நஞ்சே என்பதையும், அது குடலின் உட்சுவரின் மீதே வேலை செய்கிறது என்பதையும் மெய்ப்பித்தது. அதே காலத்தில் கங்கரோசா என்னும் அமெரிக்கரும் உடனுழைத்தோரும் உயிருள்ள நோயாளிகளின் குடலிலிருந்து நுண்ணிய திசுவை எடுத்துப் பார்த்து, உட்தோல் உரியவில்லை என்று 1960இல் அறிவித்தனர். ஆகவே காலராவில் குடம் உடைவதில்லை. வெளியே திறக்கும் ஒரு மடை மட்டும் மூடாமல் நின்றுவிடுகிறது.

சம்புநாத் தேயின் பெயர் அவர் வாழ்ந்த காலத்தில் நம் நாட்டில் பலருக்கும் தெரியாது. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி லெடர்பர்க் அவரை அப்பரிசுக்குப் பலமுறை பரிந்துரைத்தார். 1978இல் காலராவைப் பற்றிய நோபல் கருத்தரங்கும் அவரை அழைத்தது. நம் நாட்டில் பெரிய விருது எதுவும் பெறாமலேயே 1985இல் அவர் மறைந்தார்.

வெளிமடை திறந்து கிடக்கிறது. உள்ளே நீரைக் கொண்டு செல்லும் வாயில் ஏதேனும் பழுதின்றி இருக்கிறதா? இதற்கு விடை மருத்துவமனையிலிருந்து வரவில்லை. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிராக் நகரில் கூடிய மாநாட்டில், ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலார் ஒரு கருத்தை வெளியிட்டார். சிறுகுடலின் உயிரணுக்களில் ஒரு வாயில் இருக்கிறது. அதன் வழியே குளுக்கோஸ் சர்க்கரையும் உப்பின் கூறாகிய சோடியமும் கைகோத்தே உள்ளே புகுகின்றன. இவை இரண்டும் சென்ற வழியே நீரும் பின்தொடர்கிறது. காலரா நஞ்சு இந்த வாயிலைத் தொடுவதில்லை. எனவே வெறும் நீரைக் கொடுத்தால் நிற்காது. வெறும் உப்பு நீரைக் கொடுத்தாலும் நிற்காது. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் கொடுத்தால் குடல் அதை ஏற்றுக்கொள்ளும்!

அறிவியல் விளக்கம் பிறக்கும் முன்னரே இவ்வழியில் நடந்தவரும் உண்டு. கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய் வழியே கொடுத்ததையும், கற்பூரவள்ளி இலைச் சாற்றைப் பயன்படுத்தியதையும் 1953இல் இலண்டன் மருத்துவ இதழில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாமையால் உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1968இல் டாக்காவில் நாலின், காஷ் என்னும் இரு இளம் மருத்துவர்கள், கழிச்சலை அளந்து, அளந்த அளவுக்கு வாய் வழியே நீரைக் கொடுத்து, ஊசி வழியே ஏற்ற வேண்டிய நீரில் நூற்றுக்கு எண்பது பங்கைக் குறைக்கலாம் என்று நிறுவினர். கல்கத்தாவிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்தது. ஆயினும் தேர்ந்த மருத்துவமனையில் நிகழ்ந்தது வேறெங்கும் நிகழுமா என்ற ஐயம் நீங்கவில்லை.

அந்த ஐயத்தைத் தீர்த்தது 1971ஆம் ஆண்டு. கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தனர். மழைக்காலம், கூடாரங்கள், கெட்ட குடிநீர், காலரா வெடித்தது. கல்கத்தாவுக்கு வடகிழக்கே, எல்லையருகே இருக்கும் பன்காவ் மருத்துவமனைக்கு டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அனுப்பப்பட்டார். அங்கே இரண்டு அறைகளில் 16 படுக்கைகளே இருந்தன. நோயாளிகளோ தரையெங்கும் கிடந்தனர். அவர்களின் கழிச்சலிலும் வாந்தியிலும் மண்டியிட்டே ஊசி போட வேண்டியிருந்தது. சில நாட்களுக்குள் ஊசி வழியே ஏற்றும் நீர் தீரத் தொடங்கியது.

மஹலனாபிஸ் துணிந்தார். கல்கத்தாவில் இருந்த ஆய்வு நிலையத்தின் நூலக அறை ஒரு தொழிற்கூடமாயிற்று. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று நிறுத்து, பாலிதீன் பைகளில் இட்டு, சூடேற்றிய இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினர். பன்காவில் பெரிய பீப்பாய்களில் அதைக் கரைத்துக் குழாய் வைத்தனர். தாய்மாரும் உடன்பிறந்தாரும் குவளையில் பிடித்துச் சென்று தத்தம் நோயாளிகளுக்குத் தாங்களே ஊட்டினர். ஊசியும் சீசாவும் நாடி ஓய்ந்து கிடந்தவர்களுக்கென்று மிச்சப்படுத்தப்பட்டன. விளைவு என்ன? முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், இம்முறையால் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. எட்டு வாரங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெற்றனர்.

நேயர்கள் அறிந்து மகிழத்தக்க ஒரு செய்தி உண்டு. அந்தக் கலவையைச் செய்யும் முறையை எல்லையோர மக்களுக்குத் துண்டு வெளியீடுகளாக வழங்கினார்கள். வங்காள தேச விடுதலைப் போராளிகளின் மறைவான வானொலியும் அதை ஒலிபரப்பியது. மருந்தை அனுப்ப இயலாத ஊர்களுக்கும் மருந்துக் குறிப்பு காற்றிலே சென்றது.

பன்காவின் கணக்கை நம்பப் பல மருத்துவர்கள் முதலில் மறுத்தனர். கட்டுரை 1973இல்தான் வெளிவந்தது. 1978இல் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, இம்முறையை நாடுதோறும் பரப்பிற்று. அதே ஆண்டில் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்று, இந்நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றங்களுள் இதுவே தலையாயது ஆகக்கூடும் என்று எழுதியது. இதனால் பிழைத்த குழந்தைகள் பல கோடி. மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு, நம் அரசு அவர் பெயருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

எல்லா ஊர்களிலும் இன்று இந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்கிறது. அதன் அளவு 2002இல் மேலும் செம்மையாக்கப்பட்டிருக்கிறது. பொட்டலத்தில் குறித்த அளவு நீரிலேயே அதைக் கரைக்க வேண்டும். அது கையில் இல்லாவிட்டாலும் அஞ்ச வேண்டுவதில்லை. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலை தட்டிய ஆறு சிறு கரண்டிச் சர்க்கரையும், தலை தட்டிய அரைச் சிறு கரண்டி உப்பும் கலந்தால் போதும். அளவு மிகுதல் ஆகாது. உப்பு மிகுந்தால் தீங்கு, சர்க்கரை மிகுந்தால் போக்கு அதிகமாகும். அரிசிக் கஞ்சியில் அளவாய் உப்பிட்டுக் கொடுப்பதும் நல்லதே. அரிசியின் மாவுப் பொருள் குடலில் குளுக்கோசாகி அதே வாயிலைத் திறக்கிறது. குழந்தை கக்கினால் சிறிது பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

ஒரு பருந்தும், ஒரு பாதிரியாரும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாளும், சில முயல்களும், பெயர் தெரியாத அகதிகளும் சேர்ந்து நமக்குக் கற்பித்த பாடம் இது. உப்பும் சர்க்கரையும் நம் அடுக்களையில் என்றும் இருந்தவை. குடலின் வாயிலும் மனிதன் பிறந்த நாள் முதலாக இருந்து வருவதே. அந்த வாயிலுக்கு உரிய திறவுகோல் நம் கையிலேயே இருக்கிறது என்பதை அறியத்தான் இத்தனை காலம் ஆயிற்று. நேயர்களே, இனி உங்கள் வீட்டில் யாரேனும் "தண்ணீர் கொடுக்காதே" என்று சொன்னால், அவர்களிடம் சினம் கொள்ள வேண்டாம். இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே குழந்தைக்கு ஒரு கரண்டி நீரை ஊட்டுங்கள்.